புதுப்பிப்பு: அம்மாவின் பழைய கைப்பேசியில் உலாவி

யாங்கூனில் அம்மா பயன்படுத்தும் ஆண்ட்ராய்டு 6 கைப்பேசியில், குரோம் உலாவி பல தளங்களைப் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று தடுப்பதாகச் சென்ற மாதம் எழுதியிருந்தேன். கைப்பேசியில் தேதி தவறாக இருக்கலாம் என்று சிலர் சொன்னீர்கள். அது சரியாகவே இருந்தது.

கோளாறு, ஒரு தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் சான்றிதழில்தான். எண்ணற்ற தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு வழங்கும் சான்றிதழ்களையே பயன்படுத்துகின்றன. ஆனால் அவற்றுக்கு அடிப்படையான மூலச் சான்றிதழ் 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டின் நம்பிக்கைப் பட்டியலில் இல்லை. பழைய கருவிகளுக்காக நீட்டிக்கப்பட்டிருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பருடன் முடிந்துவிட்டது. அம்மாவோ, கைப்பேசிக்கு வயதாகிவிட்டது, தனக்கு ஆனதைப் போலவே, என்று அதை மன்னித்துவிட்டார்.

ஃபயர்பாக்ஸ் உலாவி ஆண்ட்ராய்டின் பட்டியலைச் சாராமல் தனக்கென ஒரு சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருப்பதால், அதை நிறுவியவுடன் அதே தளங்கள் தடையின்றித் திறந்தன. அதன் புதிய பதிப்புகள் ஆண்ட்ராய்டு 6-ஐ ஏற்பதில்லை என்பதால், அந்தக் கைப்பேசிக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பே கிடைத்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது என்பதால், வங்கிக் கணக்கை அதில் திறக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்தின் அளவைக் கூட்டி, தேவையற்ற செயலிகளையும் நீக்கினேன்.

தமிழ்ப் பக்கங்கள் தெளிவாகத் தெரிகின்றன. பர்மியப் பக்கங்கள்தான் இன்னும் சிதைகின்றன, ஏனெனில் கைப்பேசியோடு வந்த எழுத்துரு சோஜி; அது யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டுக்குப் பொருந்தாத பழைய பர்மிய எழுத்துரு. மியான்மரோ 2019 அக்டோபரிலேயே யூனிகோடுக்கு மாறிவிட்டது. சொந்த எழுத்துருவை உடன் அனுப்பும் தளங்கள் மட்டும் சரியாக வருகின்றன.