'கலப்பு மனிதன்' வேண்டாம், 'ஆளுயிரி' என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

விஞ்ஞானப் புனைவுப் படங்களிலும் திகில் படங்களிலும் வருகிற பாதி மனித, பாதி விலங்கு உருக்களுக்கு ஒரு பொதுச்சொல் தேடி மூன்று நாளாகப் பேசுகிறோம். கலப்பு மனிதன், மனித விலங்கு, நரமிருகம், ஆள்மா என்று நான்கு வந்திருக்கின்றன. "கலப்பு மனிதனையே வைத்துக்கொள்வோம், எல்லோருக்கும் விளங்கும்" என்று அண்ணா நேற்று எழுதியிருந்தார். அண்ணா, அந்தச் சொல் எல்லோருக்கும் எப்படி விளங்குகிறது என்பதுதான் என் கவலை.

நான் இலங்கையின் வன்னியில், மாங்குளத்துக்குக் கிட்ட உயிரியல் படிப்பிக்கிறேன். கலப்புப்பிறப்பாக்கம் (இரண்டு இனங்களைச் சேர்த்துக் குட்டி பெறுவது) என்ற பாடம் தொடங்கிய அன்று, தாய் ஒரு சமூகம் தகப்பன் வேறு சமூகமாக உள்ள ஒரு பிள்ளையை, இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் "கலப்பு, கலப்பு" என்று கூப்பிட்டார்கள். நான் கரும்பலகையில் எழுதிய சொல்தான். இடம்பெயர்ந்து பல ஊர்ச் சனம் ஒன்றாக இருந்து எழும்பிய வன்னியில் இப்படிப் பிறந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள்மேல் ஒட்டிக்கொள்கிற சொல்லை, ஈயின் தலையோடு வருகிற ஓர் உருவுக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

அதோடு அது அறிவியலுக்கும் பொருந்தவில்லை. கலப்புப் பிறப்பு என்றால் இரண்டு இனங்களின் விந்தும் முட்டையும் சேர்ந்து பிறப்பது. குதிரைக்கு 64 நிறமூர்த்தம் (குரோமோசோம்), கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறக்கிற கோவேறு கழுதைக்கு 63. அதன் உடலின் ஒவ்வொரு கலத்திலும் (செல்) குதிரையினதும் கழுதையினதும் நிறமூர்த்தங்கள் இருக்கும். நாம் பேசுகிற படங்களில் அப்படிப் பிறந்தவை மிகக் குறைவு.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1896-இல் எழுதிய டாக்டர் மோரோ தீவுக் கதையை எடுங்கள். பரம்பரை விதிகளைக் கண்ட மெண்டலின் வேலை மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததே 1900-இல். ஆகவே பரம்பரையலகு (ஜீன்) என்ற எண்ணமே அந்தக் கதையில் இல்லை. மோரோ விலங்குகளைக் கத்தியால் வெட்டித் தைத்து மனிதராக்கப் பார்க்கிறான். 1932-இல் அது படமானபோதும் பயம் அந்த அறுவை அறையில்தான் இருந்தது.

'த ஃப்ளை' (ஈ) என்ற படம் இரண்டு தடவை எடுக்கப்பட்டது இந்த விவாதத்துக்கு நல்ல உதவி. 1958 படத்தில் விஞ்ஞானிக்கு ஈயின் தலையும் ஒரு காலும் வந்துவிடும். அவருடைய தலை அந்த ஈயில் இருக்கும். உறுப்பு மாறியதோடு சரி. குரோனென்பெர்க் எடுத்த 1986 படத்தில் கணினி விஞ்ஞானியின் பரம்பரையலகையும் ஈயின் பரம்பரையலகையும் ஒன்றாக்கிவிடுகிறது. முதலில் ஆளைப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பிறகு நகம் கழன்று, பல் கொட்டி, நாளுக்கு நாள் உடல் மாறிப்போகும். பார்த்தவர்களுக்கு வயிறு கலங்கும். முதலாவது ஒட்டு, இரண்டாவது கரைவு. இரண்டையும் ஒரே 'கலப்பு' என்று எழுதினால் 28 ஆண்டு இடைவெளியில் அறிவியல் நகர்ந்த தூரம் வாசகருக்குத் தெரியாமலே போகும்.

'ஒட்டு' என்ற சொல்லை நான் மாங்கன்றில் இருந்துதான் எடுக்கிறேன். கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று வைத்தவர்களுக்குத் தெரியும்: ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிற கிளையை வெட்டாமல் விட்டால் அது அடிமரத்தின் காயைத்தான் தரும். ஒரே மரம், ஆனால் இரண்டும் தனித்தனி. உயிரியலில் கைமேரா (இரண்டு உயிர்களின் கலங்கள் தனித்தனியாக உள்ள ஓர் உடல்) என்பதும் கிட்டத்தட்ட இதுவே. 1984-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் வெள்ளாட்டுக் கருவையும் செம்மறிக் கருவையும் இணைத்து ஒரு குட்டியைப் பிறக்கவைத்தார்கள். அதன் தோலில் சில இடத்தில் செம்மறிக் கம்பளி, சில இடத்தில் வெள்ளாட்டு மயிர். 2021-இல் குரங்குக் கருவில் மனிதக் கலங்களைச் சேர்த்துச் சில நாள் வளர்த்த ஆய்வும் செய்தியானது. ஆகவே இந்தச் சொல் நாளைக்குச் செய்தி எழுதவும் வேண்டும்.

சரி, எந்தச் சொல்? நரசிங்கத்துக்குப் பழைய தமிழில் 'ஆளரி' என்று ஒரு பெயர் உண்டு. ஆளும் அரியும், மனிதனும் சிங்கமும். எவ்வளவு சுருக்கம்! அக்கா அந்த வழியில்தான் 'ஆள்மா' என்று கொடுத்திருந்தார். மா என்றால் விலங்கு, அழகான சொல். ஆனால் புணர்ச்சி விதிப்படி அது 'ஆண்மா' ஆகும். காதில் 'ஆன்மா' என்றே விழும். அதனால் 'மா'வுக்குப் பதில் 'உயிரி' போடுகிறேன்: ஆளுயிரி. நுண்ணுயிரி என்று நாம் ஏற்கனவே சொல்வதால் நாக்குக்குப் பழக்கம். ஈ, மீன், பாம்பு எதையும் இது அடக்கும். 1958 ஈ 'ஒட்டு ஆளுயிரி', 1986 ஈ 'கரைவு ஆளுயிரி'.

'ஆள்' என்பதை ஆளுகை என்று எடுக்கமாட்டார்களா என்று கேட்பீர்கள். ஆளில்லா விமானத்தை யாரும் அப்படி எடுப்பதில்லை.

நரமிருகத்தை நான் மறுப்பது வேறு காரணத்துக்காக. நரபலி, நரமாமிசம் என்று கேட்ட காதுக்கு அந்தச் சொல்லே ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. எங்கள் கோயில்களில் காமதேனு வாகனத்தைப் பாருங்கள்: பசுவின் உடல், பெண்ணின் முகம், மயிலின் தோகை. சின்னப் பிள்ளைகள்கூட அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை, கும்பிடுகிறார்கள். 2009-இல் வந்த 'ஸ்ப்ளைஸ்' படத்தில் ஆய்வுகூடத்தில் உருவாகிற ட்ரென் முதற் பாதி முழுக்க ஒரு குழந்தை. அவளை உண்டாக்கியவர்கள் அவளை மறைத்துவைத்து வளர்க்கிற விதம்தான் எனக்கு நெஞ்சை அடைத்தது. அவளுக்கு மிருகம் என்று பெயர் வைக்க முடியவில்லை.

ஓநாய் மனிதனை இதற்குள் சேர்க்காதீர்கள். அவன் முழுநிலவில் மாறி, பிறகு திரும்பி வருகிறவன். அவனுக்கு 'உருமாறி' போதும் என்று நினைக்கிறேன். அக்கா, 'ஆள்மா'வைக் கைவிட உங்களுக்குச் சம்மதமா? 'கரைவு' எனக்கே இன்னும் முழுத் திருப்தி இல்லை, அதற்கு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
மாங்குளத்திலிருந்து