பாரன் தீவும் நார்கொண்டமும்: ரெண்டும் எரிமலைதான், ஒண்ணு மட்டும் எப்படி முழுக்க காடாச்சு?

கடலோடி:
கொஞ்ச நாளாவே இந்த சந்தேகம் மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க. அந்தமான் கடல்ல ரெண்டு எரிமலைத் தீவு இருக்கு. ஒண்ணு பாரன் தீவு, போர்ட் பிளேர்ல இருந்து வடகிழக்கா சுமார் 135 கிமீ, இந்தியாவுல இப்பவும் வெடிக்கிற ஒரே எரிமலை. இன்னொண்ணு நார்கொண்டம், அங்கிருந்து இன்னும் 130 கிமீக்கு மேல வடக்க. சாட்டிலைட் படத்துல பாத்தா பாரன் நடுவுல கரேல்னு சாம்பலும் லாவாவுமா கிடக்கு, நார்கொண்டம் கரையில இருந்து உச்சி வரைக்கும் பச்சை. அதுலயும் உலகத்துல வேற எங்கயுமே இல்லாத ஒரு இருவாச்சிப் பறவை (பெரிய அலகு இருக்குமே, அது) அந்த ஒரு தீவுல மட்டும் இருக்காம். தீவோட மொத்தப் பரப்பே 7 சதுர கிமீகூட வராது! இது எப்படி? பாறையில ஏதாவது வித்தியாசமா, இல்ல வெறும் வயசு வித்தியாசமா?

பாறைக்கிறுக்கன்:
நல்ல கேள்வி நண்பரே. ரெண்டும் ஒரே வரிசையில வர்ற எரிமலைங்கதான். இந்தியத் தட்டு (பூமியோட மேல்ஓடு பிரிஞ்சு நகர்ற பெரிய துண்டுங்கள்ல ஒண்ணு) கிழக்க இருக்கிற தட்டுக்கு அடியில சொருகிட்டுப் போகுது, போகப்போக சூடும் அழுத்தமும் ஏறி அந்தப் பாறைக்குள்ள இருக்கிற தண்ணி வெளிய வருது, அந்தத் தண்ணி மேல இருக்கிற பாறையோட உருகுநிலையைக் குறைச்சிடுது, அப்படி உருகினதுதான் மாக்மாவா மேல ஏறுது. தெக்க சுமத்ரா ஜாவா எரிமலைங்க, வடக்க மியான்மர்ல போப்பா மலை, நடுவுல இந்த ரெண்டும். 2004 சுனாமியைக் கிளப்பின நிலநடுக்கமும் இதே தட்டு எல்லையிலதான் வந்துச்சு.

பாறையிலயும் வித்தியாசம் இருக்கு, ஆமா. பாரன்ல பெரும்பாலும் பசால்ட் வகை, இளகலா ஓடும், அதனால கடல் வரைக்கும் வழிஞ்சு போயிருக்கு. நார்கொண்டம் ஆண்டசைட், டேசைட் வகை, அதுல சிலிக்கா (மணல்ல இருக்கிற பொருள்) ஜாஸ்தி, பாகு பதம் தாண்டி இறுகின வெல்லம் மாதிரி நகராம அங்கயே குவியும், அதான் தீவு இவ்ளோ செங்குத்தா 710 மீட்டர் நிக்குது. ஆனா காட்டுக்கு முக்கியமான காரணம் காலம்தான்னு நான் நினைக்கிறேன். நார்கொண்டம் வெடிச்சதா மனுஷன் எழுதி வச்ச பதிவே கிடையாது. எரிமலை வாய்கூட இப்ப அடையாளம் தெரியாது, மழை அறுத்து அறுத்து பள்ளத்தாக்கா ஆக்கிடுச்சு. அவ்ளோ நாள் சும்மா கிடந்தா பாறை சிதைஞ்சு மண்ணாகும், மரம் வரும்.

பாரன் கதையே வேற. 1787ல முதல் பதிவு, 1832 வரைக்கும் அப்பப்போ வெடிச்சுது, அப்புறம் 150 வருஷத்துக்கு மேல கப்சிப். 1991ல மறுபடி ஆரம்பிச்சு, அப்புறம் 1994-95, 2005ன்னு விட்டு விட்டு நடந்துட்டே இருக்கு. சுமார் 2 கிமீ அகலத்துல ஒரு பழைய பெருவாய் (எரிமலை உச்சி இடிஞ்சு விழுந்து உண்டான பெரிய பள்ளம்), அதுக்கு நடுவுல சாம்பல் கூம்பு, மேற்குப் பக்கம் சுவர் உடைஞ்சு அந்த வழியாத்தான் லாவா கடலுக்கு இறங்குது. ஒரு சின்ன திருத்தம் மட்டும்: பாரன் முழுக்க மொட்டை இல்ல, பெருவாய்க்கு வெளிப்பக்கச் சரிவுல காடு இருக்கு. செயற்கைக்கோள் படத்தைப் பெருசாக்கிப் பாருங்க தெரியும்.

வனமல்லி:
பாறை பத்தி அண்ணா சொல்லிட்டாரு, நான் பறவை பத்தி சொல்றேன், எனக்கு உயிர் அந்த இருவாச்சி. 1873ல பறவை ஆய்வாளர் ஹ்யூம் அதை விவரிச்சு பேரு வச்சாரு. ஆணுக்கு தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்கு முழுக்க கருப்பு, ரெண்டுக்கும் வால் வெள்ளை. அந்தமான் நிக்கோபார்ல வேற எந்தத் தீவுலயும் எந்த இருவாச்சியுமே கிடையாதுங்கறதுதான் ஆச்சரியம். சுத்தி ஆழ்கடல், நார்கொண்டம் எந்த நிலத்தோடயும் ஒட்டி இருந்ததே இல்ல, அப்ப எப்பவோ கிழக்குப் பக்கத்துல இருந்து பறந்து வந்த சில பறவைங்களோட வாரிசுதான் இதுங்க எல்லாம்.

அதுங்க பொழைக்கிறது அத்திப்பழத்தால. அந்தத் தீவுல அத்தி வகை மரங்க அவ்ளோ நெருக்கமா இருக்கு, பழத்துக்குப் போட்டி போட குயிலும் பெரிய காட்டுப்புறாவும் மாதிரி கொஞ்சம் பேர்தான். முன்னாடி கணக்கெடுத்தவங்க 300, 400ன்னு சொன்னாங்க, பிற்பாடு வந்த ஆய்வுல 1000 பக்கம் வருது. ஒரு சின்னத் தீவுல 1000 இருவாச்சின்னா உலகத்துலயே ரொம்ப நெரிசலான இருவாச்சிக் கூட்டங்கள்ல அதுவும் ஒண்ணு. ஆனா பெரிய வயசான மரத்துல பொந்து இருந்தாத்தான் கூடு. பெண் உள்ள போய் வாசலை அடைச்சுக்கும், சின்ன இடைவெளி வழியா ஆண்தான் பழம் ஊட்டணும். ஆண் செத்துட்டா உள்ள இருக்கிறதுங்க கதி என்னாகும்னு யோசிங்க. கொட்டையை காடு முழுக்க பரப்புறதும் அதுங்கதான், அதனால மரமும் பறவையும் ஒண்ணை ஒண்ணு விட்டு இருக்கவே முடியாது.

அங்க ஒரு சின்ன போலீஸ் அவுட்போஸ்ட் இருக்கு. 1976ல சாப்பாட்டுக்குன்னு ஆடு கொண்டுபோய் விட்டாங்க, அது நூத்துக்கணக்குல பெருகி கீழ முளைக்கிற கன்னுங்களை எல்லாம் மேய ஆரம்பிச்சுடுச்சு. பெரிய மரம் நிக்கும், அதுக்குப் பின்னால வர சின்ன மரமே இருக்காது! பின்னாடி பிடிச்சு வெளியேத்தினாங்க, நல்லவேளை. 2012ல கடலோரக் காவல்படை ராடார் வைக்கக் கேட்டப்ப சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துச்சு, 2014ல அனுமதி கொடுத்துட்டாங்க. பாதுகாப்பு தேவைதான், ஆனா ரோடு போட மரம் வெட்டினா இந்தப் பறவைக்கு போக வேற இடமில்ல, அது மட்டும் என் மனசுல உறுத்திட்டே இருக்கு.

அப்புறம் 2021ல புதுசா ஒரு மூஞ்சூறு இனத்தை அங்கிருந்து விவரிச்சாங்க. அவ்ளோ சின்னத் தீவுல இன்னும் தெரியாதது எவ்ளோ இருக்கோ.

கடலோடி:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு கடைசி சந்தேகம், பாரன் இப்படியே அமைதியாயிட்டா அங்கயும் இருவாச்சி போய்ச் சேருமா?

பாறைக்கிறுக்கன்:
அமைதியாகணுமே சார், அடியில மாக்மா வரத்து நிக்கலையே. அது நின்னாலும் உள்பக்கம் லாவா மண்ணாக ரொம்ப காலம் ஆகும்.

வனமல்லி:
பறந்து போறது முடியாததுன்னு சொல்ல முடியாது, போய்ச் சேர்ந்தாலும் வருஷம் பூரா பழுக்கிற அளவுக்கு அத்தி வேணும், பொந்து விழுற அளவுக்கு தடிச்ச மரம் வேணும். அங்க இப்பவும் ஆடு மேயுது, யாரோ எப்பவோ விட்டது. முதல்ல அதைப் பாக்கணும், கன்னு தலைதூக்கினாத்தான் மத்ததெல்லாம்.