பொருள்: பீடச் சிறுவர் அங்கி நிதி – பணம் அனுப்பும் முன் ஒரு வார்த்தை

வெளிநாட்டில் வாழும் நம் ஊர்ச் சங்கத்தின் அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயலாளர் தம்பி சென்ற வாரம் அனுப்பிய வேண்டுகோளைப் படித்தேன். திருப்பலியில் குருவுக்குத் துணைநிற்கும் பீடச் சிறுவர்களுக்கு 30 புதிய அங்கிகள், ஒரு தூபக்கலசம், மூன்று நாள் பயிற்சி முகாம் ஆகியவற்றுக்காக ஒவ்வொரு குடும்பமும் பங்கு தர வேண்டும் என்று கேட்டிருக்கிறார். என் பங்கைத் தருவேன். அதில் தயக்கம் இல்லை. ஆனால் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய என் அக்கா மகள் நேற்றிரவு தொலைபேசியில் சொன்னதை இங்கே எழுதாமல் பணத்தை மட்டும் அனுப்பிவிட்டால், காசைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டவன் ஆவேன்.

ஆண்டு முழுவதும் காலைத் திருப்பலிக்குத் தவறாமல் வந்து பணி செய்கிற பையன் ஒருவன். வயது 13 இருக்கும். திருவிழாத் திருப்பலியில் தூபம் அவனுக்கு என்று பட்டியலில் எழுதி, ஒரு மாதம் பழக்கியும் இருக்கிறார்கள். அன்று அவன் அங்கியை மாட்டி இடைக்கயிற்றையும் முடிந்துகொண்டு நின்ற வேளையில், பவனி புறப்பட ஐந்து நிமிடம் இருக்கும்போது, விழாக்குழுப் பெரியவர் ஒருவர் திருவுடை அறைக்குள் வந்து, "தம்பி, அதைக் கொஞ்சம் கழற்று" என்று வாங்கி, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த நம் உறுப்பினர் ஒருவரின் பேரனுக்கு அணிவித்திருக்கிறார். அங்கியின் முதுகில் இன்னாரின் உபயம் என்று நீல நூலில் தைத்திருந்ததாம். பேரன் அந்த உபயக்காரரின் பேரன்தான். ஆகவே அவர்கள் அங்கி அவர்களுக்கு என்று நியாயமும் சொல்லப்பட்டிருக்கிறது.

அதோடு முடியவில்லை. கரி பற்றாமல் புகைந்துகொண்டே இருந்ததால், கழற்றிய பையனையே திரும்பக் கூப்பிட்டார்களாம். அவன் சட்டையோடு குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு வில்லையாக இடுக்கியில் பிடித்து ஊதிச் சிவக்கவைத்து, கலசத்தில் அடுக்கி, சங்கிலியை அந்தப் பேரன் கையில் கொடுத்துவிட்டுக் கதவோரம் ஒதுங்கியிருக்கிறான். காணிக்கை வேளையில் கலசம் பீடத்தின் படியில் மோதி, ஒரு நெருப்புத் துண்டு விரிப்பில் விழுந்தபோது, இடுக்கியோடு ஓடிவந்து எடுத்தவனும் அவன்தான். நம் குழுவில் எல்லாரும் பாராட்டிய அந்தப் படத்தில் ஓரமாக, முதுகு மட்டும் தெரிய, குனிந்திருக்கிற சட்டைக்காரப் பிள்ளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

யாருடைய பேரன் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதத் தகுதியும் எனக்கு இல்லை. ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் என் மகனை இதேபோல் மெழுகுதிரி பிடிக்க நிறுத்திய தகப்பன் நான். அன்று யாருடைய அங்கியைக் கழற்றினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது.

பீடப்பணியைப் படத்துக்கான வேடம் என்று நினைப்பதால்தான் இது நடக்கிறது. பீடத்துணைவரைக் குறிக்கும் ‘அக்கோலுத்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பின்செல்பவன் என்று பொருள். கி.பி. 251 அளவில் உரோமை ஆயர் கொர்னேலியு எழுதிய கடிதம் ஒன்றில் அந்த நகரத்துத் திருச்சபையின் பணியாளர் கணக்கு வருகிறது: குருக்கள் 46 பேர், திருத்தொண்டர் 7 பேர், பீடத்துணைவர் 42 பேர். (கணக்குக் கேட்கும் வழக்கம் நம் பொருளாளரோடு தொடங்கியதன்று.) அவர்கள் திருப்பணிப் படிநிலையில் இடம்பெற்றவர்கள். காலப்போக்கில் அந்த வேலையைச் சிறுவர்கள் செய்யலானார்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் குருத்துவத்துக்கு முன்படிகளாக இருந்த பழைய சிறுபட்டங்களை நீக்கி, வாசகர், பீடத்துணைவர் என்ற இரண்டை மட்டும் திருப்பணிகளாக வைத்துக்கொண்டார். முறையாக ஏற்படுத்தப்பட்ட பீடத்துணைவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பதிலாக நிற்பவர்களே நம் பிள்ளைகள். அவர்களுக்குப் பட்டம் கிடையாது, ஊதியம் கிடையாது. நாள்தோறும் வந்து பழகினார்கள் என்பது ஒன்றுதான் அவர்களை அங்கே நிறுத்துகிறது; அதையும் ஓர் உபயத்தால் தட்டிவிட முடியுமானால் அவர்களுக்கு மிச்சம் என்ன?

பழக்கம் என்பதும் சிறு விஷயமன்று. நற்கருணைக்கும், பீடத்தின் சிலுவைக்கும், காணிக்கைக்கும், குருவுக்கும், மக்களுக்கும் தூபத்தை மும்முறை வீச வேண்டும். புனிதர் திருவுருவத்துக்கு இருமுறைதான். இடக்கையில் சங்கிலியின் தலைப்பு, வலக்கையில் கலசத்துக்குச் சற்று மேலே பிடி. மூடி இறுகியிருக்க வேண்டும். கரி முன்னதாகப் பற்றினால் வேளைக்குச் சாம்பலாகிவிடும், பிந்தினால் புகையே எழாது. குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும்போது ஒலிக்கும் எழுந்தேற்ற மணியை அடிப்பவன் குருவின் கையைப் பார்க்க வேண்டுமேயன்றிக் கூட்டத்தைப் பார்க்கக் கூடாது. இவற்றை விமானத்தில் வந்து இறங்கிய மூன்றாம் நாள் யாராலும் கற்றுக்கொள்ள முடியாது.

பெரியப்பா சென்ற மடலில் பெண்பிள்ளைகளைப் பீடத்தில் நிறுத்தியதற்கு வருந்தி எழுதியிருந்தார். 1994இல் உரோமையிலிருந்து ஆயர் பேரவைகளுக்குச் சென்ற கடிதம் அதை மறைமாவட்ட ஆயரின் முடிவுக்கு விட்டது. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பீடத்துணைவர் பணியையே பெண்களுக்கும் திறந்துவிட்டார். ஆயரும் பங்குத்தந்தையும் முடிவு செய்ய வேண்டிய காரியத்தில் நம் மடற்குழுவுக்கு வாக்கு இல்லை. பெரியப்பா பொறுத்தருள வேண்டும்.

அங்கியை உபயமாகத் தருவது குடும்பத்துக்குப் பெருமை என்று அண்ணன் எழுதியதை நான் மறுக்கவில்லை. சாமுவேல் சிறுவனாக ஏலியின் கீழ் ஆலயத்தில் பணி செய்தபோது, அவன் தாய் ஆண்டுதோறும் ஒரு சிற்றங்கி தைத்து எடுத்துப்போய்க் கொடுத்தாள் என்று வேதத்தில் இருக்கிறது. பிள்ளை வளர வளர அளவும் வளர்ந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளையைக் கண்ணால் பார்க்காமலே தோளளவைக் கணித்துத் தைத்திருப்பாள். அதே அதிகாரத்தில், பலி இறைச்சி கொதிக்கும் சட்டிக்குள் பணியாளை விட்டு முட்கரண்டியால் குத்தவைத்து, வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்ட ஏலியின் புதல்வரும் இருக்கிறார்கள். அவர்களும் ஆலயத்துக்கு உரியவர்கள்தாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. புதிய அங்கிகளில் யாருடைய பெயரும் வேண்டாம். யார் எந்தத் திருப்பலியில் நிற்பது என்பதை ஆண்டு முழுவதற்குமான வருகைப் பதிவை வைத்துப் பங்குத்தந்தையும் அருள்சகோதரியும் எழுதட்டும். எழுதிய பட்டியலை விழாக்குழு தொடக்கூடாது. நம் பிள்ளைகள் விடுமுறைக்குப் போனால் இருக்கையில் அமர்ந்து பூசை காணட்டும், அல்லது சில வாரம் முன்னதாகப் போய் மற்றப் பிள்ளைகளோடு பழகட்டும். துணி பருத்தியாக இருக்கட்டும். செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஒரு பிள்ளையின் கைப்பகுதி மெழுகுதிரியில் சுருங்கிக் கறுத்திருந்ததை அக்கா மகள் பார்த்திருக்கிறாள். முகாமைப் பொறுத்தவரை, இரவு தங்க வேண்டுமா என்று யோசிக்கலாம். தங்கினால் பெற்றோர் சிலர் உடன் இருக்க வேண்டும், எந்தப் பிள்ளையும் எந்தப் பெரியவரோடும் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. யார்மேலும் ஐயம் கொண்டு இதைச் சொல்லவில்லை. உலகெங்கும் திருச்சபை இதில் பட்ட பாட்டுக்குப் பிறகு, 2019இல் திருத்தந்தையே முறைப்பாடுகளைப் பெறும் ஏற்பாடு ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்று ஆணையிட்ட பிறகு, இதை எழுத்தில் கேட்பதற்கு யாரும் முகம் சுளிக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
தெற்குத் தெரு வீட்டின் மூன்றாம் மகன்

---

மறுமொழி: பொருளாளர்

மதிப்பிற்குரிய தெற்குத் தெருவாருக்கு,

தங்கள் மடலில் வேதமும் வரலாறும் நிறைய இருந்தன, எண்ணிக்கை இல்லை. சென்ற முறை நாம் பணம் அனுப்பியது 24 அங்கிகளுக்கு. என் மைத்துனர் திருவுடை அறை அலமாரியைத் திறந்து எண்ணியபோது இருந்தவை 17. மீதி ஏழு எங்கே என்ற கேள்விக்கு விடை வராமல் 30 அங்கிகளுக்கு நான் கையெழுத்திட இயலாது. மணிக்கூண்டு விவகாரத்தில் எல்லாரையும் நம்பிக் கையெழுத்திட்டு நான் பட்டது போதும். அன்று என்னோடு நின்றவர்கள் இன்று எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை.

பழைய தூபக்கலசத்துக்குச் சங்கிலி ஒன்றுதான் அறுந்திருக்கிறது என்று கேள்வி. சங்கிலியை மாற்றினால் போதாதா? புதியது வாங்கினால் பழையது யார் பொறுப்பில் போகும்?

பெயர் தைக்கக் கூடாது என்பதை நானும் ஏற்கிறேன், காரணம் வேறு. பெயர் தைத்த அங்கிகளே திருவிழா முடிந்ததும் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டு விமானம் ஏறுகின்றன. தங்கள் மகன் அணிந்த அங்கி அலமாரிக்குத் திரும்பியதா என்பதையும் தெரிவித்தால், ஏழில் ஒன்றைக் கழித்துக்கொள்வேன்.

---

மறுமொழி: பெரியப்பா

பிள்ளைகளே,

பெண்பிள்ளைகள் காரியத்தில் ஆயர் முடிவே முடிவு என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. பணிந்துவிட்டேன், மனம் பணிய நாளாகும்.

நான் பணி செய்த காலத்தில் பூசை இலத்தீனில். குரு படியடியில் நின்று "இந்த்ரோயிபோ அத் அல்த்தாரே தேயி" என்றதும், நாங்கள் "அத் தேயும் குயி லெத்திஃபிக்காத் யுவெந்தூத்தெம் மேயாம்" என்று பதில் சொல்ல வேண்டும். என் இளமையை மகிழ்விக்கும் இறைவனிடம் செல்வேன் என்று பொருளாம். இளமை இருந்தபோது பொருள் தெரியாது. உபதேசியார் பிரம்போடு சொல்லிக்கொடுத்த ஓசைதான் தெரியும். "சுஷிப்பியாத்" என்று தொடங்கும் நீண்ட பதில் பாதிப் பேருக்கு வராது. உதட்டை மட்டும் அசைத்து, கடைசிச் சொல்லை ஓங்கிச் சொல்லித் தப்பித்துக்கொள்வோம்.

நற்கருணை வாங்குவதென்றால் 1953க்கு முன் நள்ளிரவு முதல் தண்ணீர்கூட இல்லை. அந்த வயிற்றோடு பூசைப் புத்தகத்தைத் தாங்கியோடு தூக்கி, வலப்பக்கத்திலிருந்து படியிறங்கி, நடுவில் முழந்தாளிட்டு எழுந்து, இடப்பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். தாங்கி மரத்தில் செய்தது. என் முகத்தை மறைக்கும் உயரம். படி கண்ணுக்குத் தெரியாது, கால்தான் எண்ணிக்கொள்ளும். ஒரு நாள் நான் ஒரு படியைக் குறைத்து எண்ணிவிட்டேன். குரு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பூசை முடிந்து, "புத்தகத்துக்கு அடிபட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் எனக்கு மணிதான் கொடுத்தார்கள். ஈராண்டு அடித்தேன். உயிர்ப்புப் பெருவிழா இரவில் மட்டும் அந்த மணியை என் கையிலிருந்து வாங்கி, ஊர்த்தலைவர் மகன் கையில் கொடுத்தார்கள். அவர் யாருடைய தகப்பனார் என்று பொருளாளர் தம்பிக்குத் தெரியும். அவரை நான் குறை சொல்லவில்லை. அவரும் பையன்தான், கொடுத்ததை வாங்கினார். எட்டு வயது முதல் எத்தனையோ இரவு அந்த மணி கேட்டிருக்கிறேன். நினைவில் இருப்பது அது ஒன்றுதான்.

அந்தச் சட்டைக்காரப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது விசாரித்து எழுதுங்கள்.

---

மறுமொழி: தெற்குத் தெரு

பெரியப்பாவுக்கு வணக்கம். பொருளாளர் அவர்களுக்கும்.

நேற்றுப் பரணில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். அங்கி இருக்கிறது. முதுகில் என் தந்தையின் பெயர் சிவப்பு நூலில் இருக்கிறது. ஆகவே ஏழு அன்று, ஆறு. நூலைப் பிரிக்க உட்கார்ந்தோம். பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் எழுத்தின் தடம் பளிச்சென்று தெரிகிறது என்கிறாள் மனைவி. துவைத்துப் பார்த்துவிட்டு, அடுத்து ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன். எடுத்துச் செல்ல யாருக்கு இடம் இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

அந்தப் பிள்ளை வடக்குத் தெருக் கோயில்பிள்ளையின் மகள் வயிற்றுப் பேரன் என்று அக்கா மகள் சொல்கிறாள். மறுநாள் காலைத் திருப்பலிக்கும் அவன் வந்திருந்தானாம்.