கறளா, துருவா? லொறியின் அடிச்சட்டத்துக்கு ஒரு சொல்

ஸ்காபரோவிலிருந்து:
குழும அன்பர்களுக்கு வணக்கம். இங்கு கனடாவில் தமிழ் லொறிச் சாரதிகளுக்குக் குளிர்காலப் பராமரிப்பு வகுப்பு எடுக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். லொறியின் அடிச்சட்டம் துருப்பிடிக்காமல் இருக்க இடும் ‘அண்டர்கோட்டிங்’ என்பதற்கு ‘அடிப்பூச்சு’ என்று எழுதினேன். “பெயின்ற் அடிக்க முதல் பூசுறதோ?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, பிரைமரையும் அப்படித்தானே சொல்கிறோம். ஒன்ராறியோவில் வீதியில் தூவும் உப்பும், பனி விழுமுன்பே தெளிக்கும் உப்புக் கரைசலும் அடிச்சட்டத்தின் இடுக்கெல்லாம் ஏறுகின்றன. இரண்டு தகடுகள் பொருந்தும் இடத்தில் துரு ஊதிப் பெருத்துத் தகட்டையே பிரித்துவிடும். சொல் தாருங்கள்.

மதுரையிலிருந்து:
துருக்காப்பு. முழுதாகச் சொன்னால் அடிச்சட்டத் துருக்காப்பு.

தஞ்சாவூரிலிருந்து:
மெய்க்காப்பு மெய்யைக் காக்கிறது. அப்படியானால் துருக்காப்பு துருவையல்லவா காக்கும்? ‘துருத்தடை’ என்பதே சரி.

மதுரையிலிருந்து:
ஐயா, மீன்வலை மீனைப் பிடிக்க, கொசுவலை கொசுவை விலக்க. யாரும் குழம்புவதில்லை. நான்காம் வேற்றுமைக்குப் பகைப்பொருளும் உண்டென்று நன்னூல் சொல்கிறதே. பாம்புக்குப் பகை கருடன், துருவுக்குக் காப்பு எண்ணெய். துருத்தடையை ‘துருவால் வந்த தடை’ என்றும் பிரிக்கலாம்.

பருத்தித்துறையிலிருந்து:
எங்கட பக்கம் இரும்பில் பிடிப்பது கறள். கையேட்டைப் படிக்கப்போகிறவர்களில் பலர் எங்கட ஆக்கள். ‘கறள்காப்பு’ என்று போடுங்கோ. கறள், கறை, கறுப்பு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு.

தஞ்சாவூரிலிருந்து:
நாள் + காட்டி நாட்காட்டி ஆவதுபோல் இது ‘கறட்காப்பு’ ஆகவேண்டும். புணர்ச்சியை விட்டுவிட்டுச் சொல் ஆக்கக் கூடாது.

பருத்தித்துறையிலிருந்து:
கறட்காப்பு என்றால் என் அம்மாவுக்கே விளங்காது. வள்ளத்துக்கு மீனெண்ணெய் பூசுவோமே, அந்தத் தொழிலில் சொல் தேடலாம். கலப்பத்து?

பாம்பனிலிருந்து:
கலப்பத்து என்பது பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பது, அண்ணா. பூச்சு வேறு.

ஸ்காபரோவிலிருந்து:
இந்த வேறுபாடு எனக்கு உதவுகிறது. ரப்பர் போல இறுகும் பூச்சு வெடித்தால், உப்புத்தண்ணீர் உள்ளே தங்கி மறைவில் அரிக்கும். எண்ணெய்வகை இடுக்கில் தானாக ஊர்ந்து புகும், ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். எதையும் பிரேக்கில் படவிடக் கூடாது, நீர் வடியும் துளைகளையும் அடைக்கக் கூடாது. ‘பூச்சு’ என்றால் இறுகுவது மட்டுமே நினைவுக்கு வரும். ‘காப்பு’ இரண்டுக்கும் பொருந்தும்.

கோவையிலிருந்து:
மாரியம்மன் நோன்பில் ஆண்டுதோறும் காப்புக் கட்டுகிறோமே! பனிக்காலத்துக்கு முன் வண்டிக்கும் காப்பு. துருக்காப்புக்கு என் வாக்கு.

ஸ்காபரோவிலிருந்து:
நேரமில்லை. தலைப்பில் ‘அடிச்சட்டத் துருக்காப்பு’, முதல் வரியில் ‘துரு, அதாவது கறள்’ என்று போட்டு அனுப்புகிறேன். எல்லாருக்கும் நன்றி.

பருத்தித்துறையிலிருந்து:
தலைப்பில் கறள் வராதது எனக்குச் சம்மதமில்லை. அடுத்த பதிப்புக்கு முன் சொல்லுங்கோ, திரும்பக் கதைப்பம்.