பி.என்.எச். என்று சொல்லிவிட்டார்கள், பிள்ளைக்கும் வருமா?

அம்பை மருமகள்:
எங்க வீட்டுக்காரருக்கு 36 வயது, லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஆறு மாதமாக அசதி, மூச்சிரைப்பு, கண்ணில் மஞ்சள். காமாலை என்று அத்தை கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். ஓர் ஆஸ்பத்திரியிலும் அதற்கே மருந்து கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 6.2-க்கு இறங்கிய பிறகு வேலூருக்குப் போனோம். ஃப்ளோ சைட்டோமெட்ரி என்று ரத்த அணுக்களை ஆராயும் டெஸ்ட் பார்த்துவிட்டு பி.என்.எச். (பராக்ஸிஸ்மல் நாக்டர்னல் ஹீமோகுளோபினூரியா), ரத்தச் சிவப்பணுக்கள் உடைகிற நோய் என்றார்கள். சொன்னதில் பாதி புரியவில்லை. நாலு வயது மகளுக்கும் வருமா? ராத்திரியெல்லாம் அதே நினைப்பு.

கடையத்துக்காரன்:
தங்கச்சி, பிள்ளைக்கு வராது. இது பரம்பரை நோய் இல்லை, தொற்றவும் தொற்றாது. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் ஒரு ஸ்டெம் செல்லில் பிக்-ஏ என்ற மரபணு பிறந்தபிறகு எப்போதோ மாறிப்போகிறது. அதன் வழியில் வரும் சிவப்பணுக்களின் மேல் சி.டி.55, சி.டி.59 என்ற காவல் புரதங்கள் இருக்காது. கிருமியை அழிக்க வேண்டிய காம்ப்ளிமென்ட் என்ற ரத்தப் புரதங்கள் அந்த அணுக்களையே உடைத்துவிடும். பெயரில் நாக்டர்னல், அதாவது ராத்திரி, என்று இருந்தாலும் உடைவது பகலிலும்தான். உடைந்த அணுவின் நிறம் சிறுநீரில் இறங்கி ராத்திரி தேங்குவதால் காலைச் சிறுநீர் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் போகிறது.

எனக்கு ஒன்பது வருடமாக இருக்கிறது. காலையில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். நாள்காட்டியில் தேன், டீ, காப்பி என்று நிறத்தை எழுதிவிடுவேன். காய்ச்சல் வந்தால் தேன் காப்பியாகிவிடும். டாக்டர் முதலில் கேட்பது அந்த நாள்காட்டியைத்தான். புது அணு ஊற ஃபோலிக் ஆசிட் தினமும் போடுகிறேன்.

பயப்பட வேண்டியது ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவதற்குத்தான். விடாத வயிற்றுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, தாங்க முடியாத தலைவலி, இதில் எது வந்தாலும் சுக்குக் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பி.என்.எச். என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

பாளை லேப் அக்கா:
ரத்தம் ஏற்றியபின் டெஸ்ட் எடுத்திருந்தால் நோயுள்ள சிவப்பணுக்களின் சதவீதத்தைக் குறைத்துக் காட்டும். வெள்ளணுவில் காவல் புரதம் இல்லாதவை எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். காம்ப்ளிமென்டைத் தடுக்கும் எக்குலிசுமாப் என்ற ஊசி அமெரிக்காவில் 2007-லேயே அனுமதியானது. விலைதான் நம்மால் தாங்க முடியாது. என்றைக்காவது போடுவதானால் இரண்டு வாரம் முன்பே மூளைக்காய்ச்சல் கிருமிக்கான மெனிஞ்சோகாக்கல் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

அம்பை மருமகள்:
அண்ணாச்சி, பிள்ளைக்கு வராது என்றதைப் படித்து அழுதுவிட்டேன். போன வாரத்திலிருந்து இவருக்கு இடது கால் மட்டும் வீக்கம். லோடு ஏற்றியதால் என்று விட்டுவிட்டோம். இப்போதே கூட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.