உதவி தேவை: ராஜபாளையம் நாய்க்குட்டி, ஐந்து மாதம், கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை

கரிசல்மண்:
வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் ராஜபாளையம் குட்டி வளர்க்கிறோம், ஆண், ஐந்து மாதம். சுத்த வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். பெயர் மணி. 45 நாள் குட்டியாகத் தூக்கி வந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. தொண்டை கிழியக் கத்தினாலும் அதுபாட்டுக்கு மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும். எதிரே போய் நின்றால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு வரும். 'உட்கார்' பழக்க இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. அப்பா, 'திமிர் பிடிச்ச கழுதை, ரெண்டு போட்டாத்தான் வழிக்கு வரும்' என்று பேப்பரைச் சுருட்டி அடிக்கிறார். இப்போது அவரைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

நேற்று இன்னொன்றும் நடந்தது. திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்ததை என் மகள் (எட்டு வயது) முதுகில் தடவினாள். பட்டென்று திரும்பி வாயைப் போட்டுவிட்டது. கையில் லேசாகப் பல் கீறல். ரத்தம் வரவில்லை, மஞ்சள் வைத்தோம். அவள் அழுததைப் பார்த்து அப்பா நாயைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார்.

இது கோபமா, பிடிவாதமா? அடிக்காமல் பழக்க வழி உண்டா? பயந்த குட்டி இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் வேட்டுப் போட்டபோது தெருநாயெல்லாம் ஓடி ஒளிந்தது, இது அசையாமல் தூங்கியது. ராஜபாளையம்னா சும்மாவா என்று பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

கம்பங்கொல்லை:
நீங்கள்தான் தலைவன் என்று காட்டவில்லை, அதுதான் கோளாறு. மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அமுக்கிப் பிடியுங்கள், அடங்கும்வரை விடாதீர்கள். ஓநாய்க் கூட்டத்தில் தலைமை ஓநாய் அப்படித்தான் செய்யும்.

கால்நடை மாணவன்:
நாய் அப்புறம், முதலில் பாப்பா. மஞ்சளைக் கழுவி எடுங்கள். சோப்பு போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ரத்தம் வராத கீறலுக்கும் ஊசி உண்டு. தோலில் போடுகிற முறையில் 0, 3, 7, 28 என்று நான்கு நாள் வரச் சொல்வார்கள், நடுவில் விட்டுவிடாதீர்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? போட்டிருந்தாலும் பாப்பாவுக்கு ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கம்பங்கொல்லை அண்ணே, அந்த ஓநாய்க் கதை பழசு. 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து கிளம்பியது. அதைப் பரவலாக்கிய டேவிட் மெக், பிறகு காட்டு ஓநாய்களைப் பல வருஷம் கவனித்துவிட்டு, கூட்டம் என்பது அப்பா அம்மா பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். ஐந்து மாதக் குட்டியைக் கவிழ்த்து அமுக்கினால் அடுத்த முறை அது கையைத்தான் கடிக்கும்.

மதுரைக்காரி:
வேட்டுக்கு அசையாமல் தூங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். தம்பி, அதற்குக் காது கேட்கிறதா?

சுத்த வெள்ளை, ரோஜா மூக்கு என்றால் இதைப் பார்க்காமல் வேறு எதையும் பேசக்கூடாது. என்னிடம் ஒன்று இருந்தது, ஒன்பது வருஷம் வாழ்ந்தது, இரண்டு காதும் கேட்காது. நாங்கள் கண்டுபிடிக்கவே ஏழு மாதம் ஆனது.

கரிசல்மண்:
அக்கா, அப்படி இருக்காது. நான் வண்டியில் வந்தால் வாசலுக்கு ஓடி வருகிறதே. கேட்காமல் எப்படி வரும்?

மதுரைக்காரி:
தரை அதிரும். வெளிச்சம் விழும். காற்றில் உங்கள் வாசனை வரும். தினம் ஒரே நேரத்துக்கு வருகிற ஆளாக இருந்தால் அதுவும் தெரியும். நாளைக்கு வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, வேறு நேரத்தில், எதிர்க்காற்றில் நடந்து வந்து பாருங்கள்.

சோதனையும் அப்படித்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் கை தட்டாதீர்கள், காற்று பட்டுத் திரும்பும். தட்டைக் கீழே போடாதீர்கள், தரையில் அதிர்வு போகும். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது, அதன் கண்ணுக்குப் படாத இடத்திலிருந்து, கையில் பிடித்த டம்ளரில் கரண்டியால் தட்டுங்கள். சாவிக்கொத்தை ஆட்டுங்கள். குக்கர் விசில் வரும்போது ஒரு ஆள் அதன் காதையே பார்த்துக்கொண்டிருங்கள். கேட்கிற நாய்க்குத் தூக்கத்திலும் காது மடல் ஒரு துடி துடிக்கும்.

கால்நடை மாணவன்:
அக்கா சொல்வது சரி. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வருகிற பிறவிச் செவிடு இது. உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் அங்கே ரத்த ஓட்டம் கெட்டு, பிறந்த முதல் சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் செத்துவிடும். டால்மேஷியனில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷியன்களில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. கூடப் பிறந்த குட்டிகள் ஓடுவதைப் பார்த்து இதுவும் ஓடியிருக்கும், அதனால் வளர்த்தவர் கண்ணில் பட்டிருக்காது.

வீட்டுச் சோதனையில் ஒரு காது மட்டும் போனது தெரியாது. காதில் சீழ், அழுக்கு அடைப்பு எதுவும் இல்லையென்று பார்ப்பதற்காகவாவது ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். தலையில் மின்முனை வைத்து, காதுக்குள் டிக் டிக் என்று ஒலி விட்டு, மூளை வரை போகிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. உறுதியாகச் சொல்வது அதுதான். எங்கே செய்கிறார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.

கரிசல்மண்:
பாப்பாவுக்கு முதல் ஊசி போட்டாயிற்று. மணிக்கும் மூன்று மாதத்திலேயே போட்டிருக்கிறோம்.

இன்று காலை குக்கர் வைத்தோம். மணி அடுப்படி வாசலில் படுத்திருந்தது. நானும் அப்பாவும் குந்தி உட்கார்ந்து காதையே பார்த்தோம். மூன்று விசில். மடல் ஆடவில்லை. நாலாவது விசிலுக்கு ஒரு ஈ வந்து காதில் உட்கார்ந்தது, அதற்குத் துடித்தது. டம்ளர், சாவி, ஜன்னலுக்கு வெளியிலிருந்து பாப்பாவின் பீப்பி, எதற்கும் ஒன்றுமில்லை.

அப்பா எழுந்து போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, 'காது கேக்காததையா இம்புட்டு நாளும் அடிச்சேன்' என்றார். அதற்கு மேல் பேசவில்லை. இனி என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

மதுரைக்காரி:
நாயைப் பொறுத்தவரை மெனக்கெட்டு அழ ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்தே கேட்காததால் எதையோ இழந்தோம் என்று அதற்குத் தெரியாது. நாம்தான் பேச்சை மாற்ற வேண்டும்.

முதலில் 'சபாஷ்' என்பதற்கு ஒரு சைகை. நாங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவோம். வேகவைத்த ஈரலை பட்டாணி அளவு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம். விரலைத் தூக்கு, ஈரல் கொடு. அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள், வெறுமனே இருபது தடவை. இரண்டு நாளில் விரலைப் பார்த்ததும் நாக்கைச் சுழற்றும். இனிமேல் விரல் தூக்கினால் கட்டாயம் தீனி வர வேண்டும், ஏமாற்றக்கூடாது.

அடுத்தது, எனக்குக் கேட்டால் மொத்தப் பயிற்சியும் இதுதான்: அதுவாக உங்களைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் விரல், ஈரல். வீட்டுக்குள், முற்றத்தில், கயிற்றோடு தெருவில். கேட்கிற நாயைக் கூப்பிட்டுத் திருப்பலாம். இதைத் திருப்ப முடியாது, அதுவேதான் திரும்ப வேண்டும். எங்களுடையது கடைசியில் பத்து எட்டுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நடக்கும்.

பார்க்கப் பழகியபின் சைகைகள். உள்ளங்கையை மேல்நோக்கித் தூக்கினால் உட்கார். கையை அகல விரித்து நெஞ்சுக்குக் கொண்டுவந்தால் வா. வீட்டில் எல்லோருக்கும் ஒரே சைகை. அப்பாவுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்றால் குட்டி குழம்பிப்போகும்.

இப்போது அந்தக் கடி. அது கோபம் இல்லை, தூக்கிவாரிப் போட்டது. கேட்கிற நாய்க்குக் காலடிச் சத்தமே எழுப்பிவிடும், இதற்கு முதல் சேதியே முதுகில் விழும் கைதான். தூங்கும்போது எதிர்ப்பக்கமாகப் போய் ஈரலை மூக்குக்கு முன்னால் வையுங்கள். மூக்கு துடிக்கும், கண் திறக்கும், தின்னட்டும். ஒரு வாரம் இதே. பிறகு தோளில் இரண்டு விரலால் பூப்போலத் தொட்டு, அந்த நொடியே ஈரல். தொடுவது முன்னால், தீனி பின்னால். கை பட்டால் நல்லது வரும் என்று ஆகிவிட்டால் முதுகு இறுகாது. இதைப் பெரியவர்கள் மட்டும் செய்யுங்கள். பாப்பா தூங்குகிற நாயிடம் போகவே கூடாது, அது படுக்க ஆள் நடமாட்டம் இல்லாத மூலை ஒன்று கொடுங்கள்.

வெளியே கயிறு இல்லாமல் விடவே விடாதீர்கள். முயல் விரட்டுகிற ரத்தம், ஓட ஆரம்பித்தால் கூப்பிட வழி இல்லை. கழுத்தில் ஒரு சலங்கை கட்டுங்கள், அது எங்கே இருக்கிறது என்று நமக்காவது கேட்கட்டும்.

கம்பங்கொல்லை:
செவிடு என்றால் வேறு கதை, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் இப்படி ஈரல் காட்டிக் காட்டிப் பழக்கினால் லஞ்சம் வாங்குகிற நாயாக அல்லவா போகும்?

மதுரைக்காரி:
முன்னாலேயே காட்டி ஆசை மூட்டினால் லஞ்சம்தான். வேலை முடிந்தபின் கொடுத்தால் கூலி. அதனால் தீனியைப் பைக்குள் வையுங்கள், கையில் ஆட்டாதீர்கள். நன்றாகப் பழகிய சைகைக்குப் பிறகு மூன்றுக்கு ஒரு தடவை, ஐந்துக்கு ஒரு தடவை என்று குறைக்கலாம், மீதிக்குத் தடவல், விளையாட்டு. விரல் தூக்கினால் மட்டும் பாக்கி வைக்காதீர்கள்.

கால்நடை மாணவன்:
ஈரல் அளவோடு. தினம் நிறையப் போனால் வயிற்றால் போகும், வைட்டமின் ஏ-யும் கூடிப்போகும். நடுநடுவே வேகவைத்த கோழி, முட்டை கொடுங்கள், அந்த அளவைச் சாப்பாட்டில் குறையுங்கள். இன்னொன்று, குட்டி கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். இது பரம்பரையாக வருவது, அதே ஜோடியை மறுபடி சேர்க்கக்கூடாது. மணியையும் இனத்துக்கு விடாதீர்கள்.

கரிசல்மண்:
மூன்று வாரம் ஆகிறது. ராமையன்பட்டியில் காட்டினோம், காது சுத்தமாக இருக்கிறது, பிறவிக் கோளாறாகத்தான் இருக்கும் என்றார்கள். மணிக்குச் சலங்கை கட்டியாயிற்று. உட்கார் நாலே நாளில் வந்துவிட்டது! இரண்டு மாதம் கத்தியதை நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்பாவிடம் இன்னும் முழுசாக வரவில்லை. அவர் சட்டைப் பையில் கோழித்துண்டு வைத்துக்கொண்டு கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருகிறார், பின்னால் நழுவ விடுகிறார். நேற்று பாதி உடம்பு வெளியே வந்தது.

இரண்டு சந்தேகம். வீட்டில் நன்றாகத் திரும்பிப் பார்க்கிறது, தெருவில் ஆட்டுமந்தையைக் கண்டால் நான் இருப்பதே தெரிவதில்லை. கயிற்றைச் சுண்டினாலும் பிரயோசனம் இல்லை. இன்னொன்று, ஆன்லைனில் அதிர்வு தருகிற கழுத்துப்பட்டை விற்கிறார்களே, வாங்கலாமா?

மதுரைக்காரி:
சுண்டாதீர்கள், பின்னால் போங்கள். ஆட்டைப் பார்த்தும் உங்களைத் திரும்பிப் பார்க்க முடிகிற தூரம் ஒன்று இருக்கும். ஐம்பது அடியோ இருநூறு அடியோ, அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஆட்டைப் பார்த்தது, உங்களைப் பார்த்தது, விரல், கோழி. நாளுக்கு நாலு எட்டு முன்னால் போனால் போதும். மந்தை நெருங்கி வந்துவிட்ட நாளில் பயிற்சியை விட்டுவிட்டுச் சந்துக்குள் திரும்பிவிடுங்கள். அப்பாவைத் தொந்தரவு பண்ணாதீர்கள், சரியாகத்தான் செய்கிறார்.

கால்நடை மாணவன்:
பட்டையில் அதிர்வு மட்டும் இருந்தால் 'என்னைப் பார்' என்பதற்குச் சைகையாகப் பழக்கலாம், அதையும் தீனியோடு சேர்த்துத்தான். ஆனால் கடையில் வருகிற பலவற்றில் ஷாக் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும், விரல் தவறும். ஷாக் பட்டையை வேல்ஸில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். இந்தக் குட்டி ஏற்கெனவே ஒரு ஆளுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் கிடந்தது, காரணம் தெரியாமல் கழுத்தில் சுரீரென்றால் யாரைப் பார்த்துப் பயப்படும் என்று சொல்ல முடியாது.

கரிசல்மண்:
பட்டை வேண்டாம். கடைசியாக ஒன்று: ராத்திரி கரண்ட் போனால் சைகை தெரியவில்லை. டார்ச் அடிக்கலாமா?

மதுரைக்காரி:
நாயின் மேல் அடிக்காதீர்கள், தரையில் வட்டம் ஓடவிட்டு விளையாட்டும் காட்டாதீர்கள். வெளிச்சத்தை விரட்டுகிற பைத்தியம் பிடித்தால் விடாது. உங்கள் கையின் மேல் அடித்துச் சைகையைக் காட்டுங்கள். பக்கத்திலேயே நின்றால் டார்ச்சும் வேண்டாம், பின்தொடையில் இரண்டு தட்டு தட்டினால் 'வா'. பகலிலேயே ஈரலோடு பழக்கி வையுங்கள்.