மாசமா இருக்கற தங்கச்சி அம்மை போட்ட பையன தூக்கிட்டு வந்துருச்சு, பயப்படணுமா?

காவேரிப்பட்டணத்தான்:
தங்கச்சிக்கு இப்ப 18 வாரம். போன சனிக்கிழம பாலக்கோட்டுல நாத்தனா பையனுக்கு காதுகுத்து, மச்சான்தான் தாய்மாமன், அவர் மடியில வெச்சு குத்துனாங்க, அழுதவன அப்புறம் ஒரு மணிநேரம் தங்கச்சிதான் தோள்ல போட்டுட்டு திரிஞ்சுது. ஞாயித்துக்கிழம ராத்திரி பையனுக்கு அம்மை போட்டுருச்சு. அத்த (அதோட மாமியார்) என்னன்னா அன்னிக்கு கொப்புளமே இல்லையே எப்படி ஒட்டும்ங்கறாங்க. சின்னதுல இதுக்கு வந்துச்சான்னு எங்கம்மாவ கேட்டா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வேப்பில அரச்சு தேச்சேன், யாருக்குன்னு தெரியலங்குது!!

அரூர்காரன்:
வாசல்ல வேப்பில சொருகி வைங்க, வீட்ல தாளிக்காதீங்க, ஆத்தா இறங்கிருவா.

ஓசூர்_நர்ஸக்கா:
தம்பி, வேப்பில இருக்கட்டும், கொப்புளம் வர்றதுக்கு 1, 2 நாள் முன்னாடியே ஒட்ட ஆரம்பிச்சுரும், அதனால அந்த சனிக்கிழமதான் கணக்கு. தோள்லயே போட்டிருந்துச்சுன்னா நல்லாவே பட்டிருக்கும். முதல்ல பையனுக்கு சின்னம்மைதானான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, கை கால் வாய்ல மட்டும் இருந்தா வேற வைரஸா இருக்கலாம், சின்னம்மைன்னா நெஞ்சு முதுகுல தண்ணி கோத்து புதுசும் காஞ்சதும் ஒண்ணா இருக்கும். அடுத்து தங்கச்சிக்கு வெரிசெல்லா ஐஜிஜி ரத்த டெஸ்ட், சின்னம்மைக்கு எதிர்ப்பு சக்தி ஏற்கனவே உடம்புல இருக்கான்னு பாக்கறது. நம்ம மாதிரி வெயில் ஊர்ல பெரியவங்க ஆகியும் வராதவங்க நிறைய பேர், அதனால வந்திருக்கும்னு விட்றாதீங்க. ஐஜிஜி இல்லன்னா பட்ட நாள்ல இருந்து 10 நாளைக்குள்ள இம்யூனோகுளோபுலின் (ரெடிமேடா எதிர்ப்பு சக்தி குடுக்கறது) ஊசி போடலாம், இல்ல மாத்திரையா, அத மகப்பேறு டாக்டர் சொல்லட்டும். தடுப்பூசி மாசமா இருக்கறப்ப போடக்கூடாது, அது உயிருள்ள வைரஸ். 20 வாரத்துக்குள்ள அம்மாவுக்கு வந்தா குழந்தைக்கு பாதிப்பு வர்றது நூத்துல ஒண்ணு ரெண்டுதான், ஆனா மாசமா இருக்கறவங்களுக்கு நிமோனியா ஆனா மோசம். டாக்டர்கிட்ட போன் பண்ணிட்டு போங்க, மத்த மாசமானவங்களோட வரிசையில உக்கார வெச்சுறாதீங்க.

ஊத்தங்கரை_மணி:
அக்கியும் இதே வைரஸ்தான் தெரியுமா, எங்கப்பாவுக்கு முதுகுல அக்கி வந்து குயவர் வீட்ல காவியில எழுதிட்டு வந்தாரு, நான் தெனமும் துணி துவச்சேன், ரெண்டு வாரத்துல எனக்கு சின்னம்மை. 31 வயசுல, பத்து நாள் படுத்த படுக்க. பட்டதுக்கப்புறம் 10ல இருந்து 21 நாள் வரைக்கும் எப்ப வேணா வரும், ஒரு வாரம் ஒண்ணும் ஆகலன்னு நிம்மதியாயிராதீங்க.

காவேரிப்பட்டணத்தான்:
நேத்து கிருஷ்ணகிரில ரத்தம் குடுத்து இன்னிக்கு ரிசல்ட், ஐஜிஜி பாசிடிவ், தங்கச்சிக்கு முன்னாடியே வந்து போயிருக்கு, பயமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அப்ப அம்மா வேப்பில தேச்சது அதுக்குத்தான். எனக்கு வரவே இல்ல போல, நாளைக்கு நானும் டெஸ்ட் எடுக்கறேன், பையன பாக்க போலாம்னு இருந்தேன், இப்ப போகல.